மற்றவை

ஓக்லாவில் டிசம்பர். வாசிப்பறை ஹீட்டரில்
இரண்டு கம்பிகளில் ஒன்றுதான் சிவக்கிறது.
நான் கேட்டது எழுபத்தேழு, தர்க்க நூல், அரபி.
தேவேந்தர் நேகி எழுபத்தொன்றை வைத்துவிட்டுத்
தேநீருக்குப் போய்விட்டார்.

அட்டையில் இருந்தது:
தாள் நாற்பத்திரண்டு, பூச்சி அரித்தது,
லிபி அரபி, மொழி தெரியவில்லை.
பக்கத்தில் பென்சிலால், வேறு கையெழுத்தில்,
‘மலாய்?’

முதல் வரி அரபிதான். புகழ்ச்சி, பழகிய பாதை.
இரண்டாம் வரியில் இடறிவிட்டது.
வேர்ச்சொல் தேடினேன், மூன்று மெய் தேறவில்லை.
பாரசீகமாக வளைத்தேன், வளையவில்லை.
கடைசியில் கண்ணை நம்பாமல்
வாயிடம் விட்டேன்.
நிழ... நிழலை... அடி...
நிழலை அடியால் அளந்து கொள்ளவும்.

அடுத்த மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போலும்.

இந்த ஊரில் எல்லோரும் என்னைக் கேட்ட முதல் கேள்வி:
உருது தெரியாதா? எந்த ஊர் முசல்மான் நீ?
மேலப்பாளையம் என்பேன்.
கேரளாவா என்பார்கள்.

அரபியில் ழ இல்லை.
இருந்த ஓர் எழுத்தை எடுத்து, எழுதியவர்
புள்ளி கூட்டியிருக்கிறார்.
நம் எழுத்தில் புள்ளி தலையேறினால்
உயிர் போய் மெய் மிஞ்சும்.
அங்கே புள்ளிதான் ஆள் அடையாளம்,
அது உதிர்ந்தால் பே, தே எல்லாம்
துறையில் கட்டிய ஒரே மாதிரிப் படகுகள்.
பூச்சிக்கு இரண்டு இலக்கணமும் தெரியாது,
தன் பங்குக்கு அதுவும் புள்ளி குத்தியிருக்கிறது.
நிழலின் கரையா, நிழலின் கறையா என்று
அரைமணி நேரம் விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
ஓட்டை. எனவே கரை.

விஷயம் அசர் வக்து.
உச்சியில் மிஞ்சிய நிழல் போகக்
குச்சியின் நிழல் குச்சியளவு வளர்ந்தால் போதும்,
தொழலாம் என்கிறார். ஷாஃபிக் கணக்கு, எங்கள் கணக்கு.
தில்லி ஹனஃபி.
இங்கே நிழல் இரண்டு குச்சி நீள வேண்டும்.
மூன்று மணிக்குத் தாளில் நேரம் வந்துவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே ஓர் ஒலிபெருக்கியும் இருமவில்லை.
இரண்டு நிழலுக்கும் நடுவில் கிடந்த முக்கால் மணியில்
பதினொரு தாள் படித்தேன்.

பெயர் இருந்த மூலையைத் தின்றாகிவிட்டது.
ஆணோ பெண்ணோ, ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும்:
மை மட்டம். பிள்ளை அழுகிறது. மீதி பிறகு.
அதற்கப்புறம் நான்கு தாள் வெறுமை.

பேராசிரியர் நுஸ்ரத் கித்வாயிடம் போனில் சொன்னேன்.
அற்புதம், அற்புதம் என்றார்,
ஆனால் உன் ஆய்வுத் தலைப்பில் இது இல்லையே.

திருத்தப் படிவம் கணினியில்.
மொழி: அரபி, பாரசீகம், உருது, துருக்கி, மற்றவை.
மற்றவையைத் தட்டித் தமிழ் என்று அடித்தேன்.
லிபிக் கட்டம் தானாகத் தமிழ் ஆனது.
லிபியை அரபியாக்கினால் மொழி அழிகிறது.
மொழியை எழுதினால் லிபி.
நான்காம் முறை நேகி தோளருகே வந்து நின்றார்.
‘அப்போது இது தமிழா மேடம், முசல்மானா?’
கேலியாகக் கேட்கவில்லை.
அதே மூச்சில், ஐந்துக்குப் பூட்டிவிடுவேன் என்றார்.

அந்த நேரம் பாங்கு ஒலித்தது.
வெளியே வந்து கொடிக்கம்பத்தடியில் நின்றேன்.
புகைமூட்டத்தில் சூரியன்
செல்லாத காசு.
கம்பத்துக்கு நிழலே இல்லை.
நாற்பத்திரண்டு தாளிலும் இதற்கொரு விதி இல்லை,
அல்லது அந்த வெற்றுத் தாள்களில் இருந்திருக்கலாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு
கம்பத்தின் காலிலிருந்து ஓர் அடி வைத்தேன்.
தரை சில்லென்றது.
இன்னோர் அடி.